ஆள் அனுப்புகிற ஊரிலிருந்து

பெறுநர்: இந்திய வெளியுறவு அமைச்சகம், புது டெல்லி, ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழு, நியூயார்க்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. சரக்கு எடுக்க வருகிறவர்கள் அதன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். அண்ணாந்து மணி பார்ப்பவர்கள்கூட இப்போது குறைவு. அதில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-ல் தொடங்கிய பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. போனவர்கள் இத்தனை, திரும்பாதவர்கள் இத்தனை, அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பாவோடு அரிசி மண்டிக்கு வரும்போது அவர்தான் எனக்கு அதைப் படித்துக் காட்டினார். போரை அறிவித்தது லண்டன். போனது நம்மாட்கள். போகலாமா என்று இந்த ஊரை யாரும் கேட்கவில்லை.

நான் கணியம்பாடி பக்கத்து ஆள். இருபத்தெட்டு வருஷம் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து, நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் நீங்கள் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் ஒரு பட்டாளத்துக் கதை கிடைக்கும். அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் வேண்டும் என்று இந்தியா பல வருஷமாகக் கேட்டுவருகிறது. நியாயமான கோரிக்கை. 140 கோடி மக்களும் இல்லை, 54 நாடுகள் உள்ள ஆப்பிரிக்காவும் இல்லை, 1945-ல் ஜெயித்த ஐந்து பேர் மட்டும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் மேசை அது. ஒரே ஒரு முறைதான் அதைப் பெரிதாக்கினார்கள். 1965-ல் 11 உறுப்பினர் 15 ஆனது, அதுவும் நிரந்தரமில்லாத இடங்கள்தான். சரி, கேளுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதற்குக் கை தூக்கப் போகிறோம், எதற்குத் தூக்க மாட்டோம் என்பதை இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட்டு நாற்காலி கேளுங்கள்.

2008-ல் நான் காங்கோவில் இருந்தேன். கோமா நகரம், எரிமலை அடிவாரம், எங்கு பார்த்தாலும் கறுப்புப் பாறை. 2002-ல் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியது அது. அதன்மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்ட எங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு அட்டை இருக்கும். உள்ளங்கை அளவு, லேமினேட் செய்தது. எப்போது சுடலாம், எப்போது கூடாது, சுடுமுன் என்ன எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று சின்னச் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். என் அட்டை வியர்வையில் ஊறி ஓரம் பிரிந்துபோனது. இன்றும் பீரோவில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

அந்த அட்டைக்கு மேலே பாதுகாப்பு கவுன்சிலின் ஆணை. உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். கூடவே, கைவசம் உள்ள திறனுக்கு உட்பட்டு என்றும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு சிப்பாயின் ராத்திரிகள் போகும்.

ஒரு நாள் மாலை ரோந்து முடிந்து கிளம்புகிறோம். ஒரு பெரியவர் வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு சுக்குடு. அந்த ஊரின் தள்ளுவண்டி அது, சக்கரம், கைப்பிடி எல்லாமே மரம்தான். அதில் சுருட்டிய பாய், ஒரு பானை, காலைக் கட்டிய கோழி, அதன் பக்கத்தில் மூன்று வயதுப் பேத்தி. மொழிபெயர்ப்பாளரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ராத்திரி இருப்பீர்களா?" நாங்கள் இருக்க முடியாது. இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த நாள் வேறு பாதை. மொழிபெயர்ப்பாளர் அவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை எங்கள் வண்டியைப் பார்த்துக் கையாட்டியது.

அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில் வடக்கே கிவாஞ்சா என்ற ஊரில் ஆயுதக் குழு புகுந்து, வீடு வீடாக இழுத்துக் கொன்றது. நூற்றைம்பது பேர் வரை இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கணக்கெடுத்தன. ஒரு மைலுக்குள் ஐ.நா. முகாம். அதில் இருந்தவர்கள் நம் நாட்டு வீரர்கள், நூற்றுச் சொச்சம் பேர். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. அந்த வீரர்கள் கோழைகள் இல்லை. கோமாவும் கிவாஞ்சாவும் இருக்கும் வட கிவு மாகாணம் மட்டுமே தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. காங்கோ முழுவதும் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அத்தனைக்கும் சேர்த்து ஐ.நா. படை சுமார் 17,000 பேர். கொலைகள் நடந்து இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 20-ல், கவுன்சில் கூடி இன்னும் 3,085 பேரை அனுப்ப அனுமதித்தது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு வந்த பதில் அது.

இந்த எண்களை யார் முடிவு செய்தார்கள்? காங்கோ பற்றிய தீர்மானங்களின் வரைவை எழுதுவது பிரான்ஸ். அதைப் பேனா பிடிக்கிற நாடு என்றே அங்கே சொல்வார்கள். அன்று காங்கோவில் இந்தியர் நாலாயிரத்துக்கும் மேல். ஆனால் 1993 முதல் 2010 வரை, முழுசாகப் பதினெட்டு வருஷம், அந்தக் கவுன்சிலில் இந்தியாவுக்குத் தற்காலிக இடம்கூட இல்லை. சியரா லியோனில் 2000-ல் நம் கூர்க்கா வீரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் சிக்கியிருந்தபோதும் இதே கதைதான். ஆள் நம்முடையது, ஆணை அவர்களுடையது. இதுவரை நீலத் தொப்பியில் போன இந்தியர் இரண்டரை லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 180. வேறெந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. சமீப ஆண்டுகளில் அமெரிக்காவும் ரஷ்யாவும் அனுப்பியிருக்கும் ஆட்களை இரண்டு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அமைதிப்படைச் செலவில் கால்வாசிக்கு மேல் அமெரிக்காவின் பங்கு என்பதையும் சொல்ல வேண்டும்தான். ஆனால் பணம் போட்டவர் பேச இடம் இருக்கிற சபையில் உயிர் போட்டவர் பேசவும் இடம் வேண்டாமா?

ஐ.நா. சாசனத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. 44-ஆவது பிரிவு. கவுன்சிலில் இல்லாத ஒரு நாட்டிடம் படை கேட்பதற்கு முன், அந்த நாடு விரும்பினால், அதன் படையை எப்படிப் பயன்படுத்துவது என்ற முடிவில் பங்கெடுக்க அழைக்க வேண்டும் என்கிறது. சாசனம் எழுதியவர்கள் மனதில் இருந்தது, நாடுகள் 43-ஆவது பிரிவின்படி ஒப்பந்தம் போட்டு ஒப்படைக்கும் படை. அப்படி ஓர் ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் 44-ம் ஏட்டிலேயே தூங்குகிறது. 2001-ல் 1353 என்று ஒரு தீர்மானம் போட்டு, படை அனுப்பும் நாடுகளோடு கலந்து பேசுவோம் என்றார்கள். கலந்து பேசுவது வேறு, முடிவில் பங்கு வேறு. பெண் பார்க்கக் கூப்பிடாமல் பத்திரிகை மட்டும் கொடுப்பது போல அது.

இங்கே வேலூரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 1806-ல் மதராஸில் உட்கார்ந்திருந்த தளபதி ஒருவர் சிப்பாய்க்குப் புதுத் தலைப்பாகை, தோல் குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று ஆணை போட்டார். போட்டுக்கொள்ளப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் என்ன நடந்தது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தபின் என்ன நடந்தது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம். நூற்றுக்கணக்கானோர் செத்த பிறகு அந்த ஆணையை வாபஸ் வாங்கினார்கள்.

இதுவரை சொன்னது என் கட்சி. அடுத்தது எனக்கே தீராத கணக்கு.

வேலூரை ஒட்டி மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 2021-ல் புது வீடுகளுக்கு அங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு துக்க வீட்டுக்காக அங்கே போனேன். காங்கோவில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. என் வயதுள்ள ஒரு அம்மா தேநீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அண்ணை, நீங்கள் ஆப்பிரிக்காவுக்கெல்லாம் போய் சனத்தைக் காவல் காத்தனீங்களாம். என்ர அக்கா குடும்பம் முள்ளிவாய்க்காலில பங்கருக்குள்ள கிடந்தது. அங்க ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். டம்ளரில் தேநீர் ஆறிப்போனது.

அவருக்கு நான் சொல்லாத பதில் இதுதான். 2009-ல் அந்தச் சில மாதங்களில் பாதுகாப்பு கவுன்சில் இலங்கையைத் தன் நிகழ்ச்சி நிரலில் முறைப்படி சேர்க்கவே இல்லை. உறுப்பினர்கள் தனியாகக் கூடிப் பேசிக் கலைந்தார்கள். ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவர் மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும், அதுதான் வீட்டோ. அதைப் போடும் அளவுக்குக்கூட விஷயம் மேசைக்கு வரவில்லை. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா.வின் நிபுணர் குழு 2011-ல் சொன்னது. தன் அமைப்பே தவறிவிட்டது என்று ஐ.நா.வின் உள்விசாரணை 2012-ல் ஒப்புக்கொண்டது. போர் முடிந்த பத்தாவது நாள்கூட ஆகவில்லை, 2009 மே 27-ல் ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சில் கூடியது. அங்கே இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012-ல் மாற்றி வாக்களித்தீர்கள், அதையும் மறக்கவில்லை. ஆனால் அந்த முதல் வாக்குக்கு இன்றுவரை யாரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. நிரந்தர இடம் கேட்கிற நாட்டிடம் அந்த அம்மா விளக்கம் கேட்பது தப்பா?

யாரும் வரவில்லை என்று அவர் சொன்னதும் முழு உண்மை இல்லை. 1987-ல் நாம் போனோம். என் அண்ணன் போனார். ஐ.நா. கேட்டு அல்ல, ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் போட்ட ஒப்பந்தத்தில். அமைதிப்படை என்றுதான் பெயர். மாலை போட்டு வரவேற்ற தெருவிலேயே மூன்று மாதத்தில் சண்டை. கண்ணிவெடியில் அண்ணனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் கொல்லப்பட்டதை அந்த மக்கள் மறக்கவில்லை. அண்ணனும் மறக்கவில்லை. "நம்மை யாருடா கூப்பிட்டாங்க?" என்று ராத்திரியில் திடீரென்று கேட்பார். அந்த ஒப்பந்தத்தில் எந்தத் தமிழரின் கையெழுத்தும் இல்லை.

ஆக, போனதும் தப்பாயிற்று, போகாததும் தப்பாயிற்று. படை அனுப்புவது நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ருவாண்டாவில் 1994-ல் கொலைகள் தொடங்கி இரண்டே வாரத்தில் கவுன்சில் தன் படையை 270 பேராகக் குறைத்தது. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் செத்தார்கள். கொலை செய்த அரசின் பிரதிநிதி அதே கவுன்சிலில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அங்கே போயிருக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லிபியா வேறு மாதிரி. அதைச் சொல்லப் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபத்துக்குப் போக வேண்டும். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கே இருக்கிறது. அவர் நல்ல அரசர் என்று சொல்ல வரவில்லை. எதிர்த்த பிரதானியின் மனைவி மக்களைக் கொன்றவர். கொடுங்கோலனிடமிருந்து மக்களை விடுவிக்க வருகிறோம் என்று அறிவித்துத்தான் 1815-ல் ஆங்கிலேயர் கண்டிக்குள் போனார்கள், அங்கிருந்த பிரதானிகளின் ஆதரவோடு. அரசரைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். விடுவிக்க வந்தவர்கள் 1948 வரை போகவில்லை.

2011 மார்ச்சில் பாதுகாப்பு கவுன்சில் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தில் லிபிய மக்களைக் காப்பாற்றப் படைபலத்தை அனுமதித்தது. பத்து நாடுகள் ஆதரவு, ஐந்து நாடுகள் ஒதுங்கின. அந்த ஐந்தில் இந்தியா ஒன்று. களத்தில் என்ன நடக்கிறது என்று சரியான தகவல் இல்லாமல் இவ்வளவு பெரிய அனுமதி கொடுக்கிறோமே என்று நம் பிரதிநிதி சொன்னார். சரியாகத்தான் சொன்னார். லிபியாவின் பெங்காசி நகர மக்களைக் காக்கப் பறந்த விமானங்கள் ஆட்சி கவிழும்வரை பறந்தன, அப்புறம் நாடு இரண்டு அரசுகளாகக் கிழிந்தது. அந்த வருஷக் கடைசியில் பிரேசில் ஒரு யோசனை வைத்தது. காப்பதற்காகப் படையை அனுமதித்தால், அது என்ன செய்கிறது என்று கவுன்சில் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், போனவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும் என்று. நல்ல யோசனை, வளராமலே நின்றுவிட்டது. நீங்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும். ஒதுங்கி நின்றவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.

வீட்டோவைப் பற்றியும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்தில் போர்டு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்களில் வங்கதேசத்தார் நிறைய. ஒரு முறை டீக்கடையில் குல்னா பக்கத்துப் பெரியவர் ஒருவர், நான் பட்டாளத்துக்காரன் என்று தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 1971-ல் அம்மாவின் முதுகில் எல்லை தாண்டிய ஒரு கோடி அகதிகளில் ஒருவராம். நாம் போரில் இறங்கிய அந்த டிசம்பரில், சண்டையை நிறுத்திப் படையைத் திருப்பி எடு என்று பொதுச்சபையில் 104 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 11. கவுன்சிலில் நமக்காக மூன்று முறை வீட்டோ போட்டது சோவியத் யூனியன். அது கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெரியவரின் கதை என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் வீட்டோ என்றாலே பாவம் என்று நான் பேச மாட்டேன். ஆனால் ஒரு ஜனத்தின் உயிர், அந்த ஆகஸ்டில் நாம் மாஸ்கோவோடு ஒப்பந்தம் போட்டிருந்தோமா இல்லையா என்பதில் தொங்கியது. முள்ளிவாய்க்காலில் கிடந்தவர்களுக்கு அப்படி ஒப்பந்தம் போட ஆள் இல்லை.

ஜெர்மனி, ஜப்பான், பிரேசிலோடு சேர்ந்து நீங்கள் வைத்திருக்கும் திட்டத்தில், புதிய நிரந்தர உறுப்பினர்கள் பதினைந்து வருஷம், மறுபரிசீலனை வரை, வீட்டோவைத் தொட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். பதினைந்து வருஷம் கழித்து? கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்லப்படும்போது அதைத் தடுக்கும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களிப்பதில்லை என்று 2015-லிருந்து ஓர் உறுதிமொழி சுற்றில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. நாற்காலி கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்றே அதில் கையெழுத்துப் போடுங்கள். 2022-லிருந்து வீட்டோ போட்டவர் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபையில் விவாதத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அது நல்ல தொடக்கம், அதைச் சிறியது என்று தள்ளாதீர்கள்.

சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகளும் ஐந்து நிரந்தரக்காரர்களும் ஒப்ப வேண்டும் என்பதும், 2009-லிருந்து நடக்கும் பேச்சுவார்த்தையில் எல்லோரும் ஏற்ற ஒரு வரைவு கூட இன்னும் மேசைக்கு வரவில்லை என்பதும் தெரியும். அதனால்தான் திருத்தம் தேவைப்படாதவற்றை முதலில் கேளுங்கள் என்கிறேன். 44-ஆவது பிரிவின் பொருளில், படை அனுப்பும் நாடுகளை ஆணை எழுதும் அறைக்குள் கூப்பிடக் கவுன்சில் நினைத்தால் நாளைக்கே முடியும். பங்களாதேஷ், நேபாளம், ருவாண்டா, கானா என்று நம்மைப் போல ஆள் அனுப்புகிற நாடுகளைச் சேர்த்துக்கொண்டு, கூப்பிடாத வரை அடுத்த ஆணைக்குப் புதுப் படை இல்லை என்று சொல்லிப் பாருங்கள். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவுக்காகச் சாசனத்தில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நாடு அப்போது சுதந்திரம்கூட அடையவில்லை. இப்போது அடைந்து எவ்வளவு காலமாகிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறான். ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறான். என்னைப் பார்த்தால், "மாமா, யு.என். மிஷன் கிடைக்குமா, டாலர்ல சம்பளமாமே" என்று கேட்பான். கிடைக்கும்டா என்று சொல்லியிருக்கிறேன். தெற்கு சூடானோ வேறு எந்த நாடோ, எங்கேயாவது ஒரு சாலையில் அவன் வண்டிக் கதவையும் யாராவது பிடித்துக்கொண்டு ராத்திரி இருப்பாயா என்று கேட்பார்கள். அவன் சட்டைப் பையில் இருக்கப்போகும் அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று நியூயார்க்கில் பேச்சு வரும்போது, அந்த அறைக்குள் நீங்கள் இருந்தீர்களா என்று எனக்கு எழுதுங்கள். தமிழில் வேண்டும் என்றுகூட இல்லை, இந்தியில் எழுதினாலும் படித்துக்கொள்வேன். அண்ணனுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் நாயப் சுபேதார்
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்